ஈவென்ட் ஆர்டர் சரியில்லை என்று புகார் சொல்லும் முன்: மாஸ்டர்ஸ் நீச்சல்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோவைக்குப் பக்கத்தில் நடந்த ஒரு மாஸ்டர்ஸ் நீச்சல் மீட்டில் ஸ்டாப் வாட்ச் பிடிக்கப் போயிருந்தேன். காலை ஏழே முக்கால். வார்ம்-அப் முடிந்து எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிற நேரம். திருப்பூரிலிருந்து வந்திருந்த இரண்டு தம்பிகள் ரெஃப்ரி மேசைக்கு நேராகப் போனார்கள். “ஏனுங்க, 100 பட்டர்ஃப்ளை முடிஞ்ச கையோட 200 ஐ.எம். வெச்சிருக்கீங்களே, மனுசன் எப்படிங்க நீந்தறது? அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க” என்றார்கள். ஐ.எம். என்றால் இண்டிவிஜுவல் மெட்லே, நாலு வகை நீச்சலையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்துவது. எனக்கு வயிற்றில் சுருக்கென்றது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதையே, கிட்டத்தட்ட இதே சொற்களில், இன்னொரு ரெஃப்ரியிடம் நான் கேட்டிருக்கிறேன். நான் கேட்டபடியே மாற்றியும் கொடுத்தார்கள். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மீட் முடிந்து அந்தத் தம்பிகளோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணாடியை மறந்து வருவது, தொப்பியில்லாமல் வருவது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை ஒரு மீட்டில் தானாகவே சரியாகிவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக நீச்சல் அமைப்பின் விதிப்படி மாஸ்டர்ஸ் என்றால் 25 வயதிலிருந்து. 25-29, 30-34 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் போகும். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. எங்கள் கொங்குப் பக்கத்தில் இதற்கு வருகிறவர்கள் யாரும் முழுநேர வீரர்கள் இல்லை. பனியன் கம்பெனி வைத்திருப்பவர், தறி ஓட்டுகிறவர், பேங்கில் வேலை பார்ப்பவர், டாக்டர், தோட்டம் பார்க்கிறவர் என்று பல தொழில்காரர்கள். பாதிப் பேர் கிணற்றில் பழகியவர்கள். நானும் கோபிப் பக்கம் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு பழகியவன்தான். கிணற்றில் குதிக்க நேரம் காலம் கிடையாது. மீட்டில் எல்லாமே நேரம்தான். அது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

பணம் கட்டிய பிறகு ஆர்டரைப் பார்ப்பது

ஈவென்ட் ஆர்டர் என்பது எந்தப் போட்டிக்குப் பிறகு எந்தப் போட்டி என்கிற வரிசை. பெரும்பாலான மீட்டுகளில் என்ட்ரி ஃபார்மோடு சேர்த்தே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். நாம்தான் பார்ப்பதில்லை. நமக்குப் பிடித்த மூன்று ஈவென்ட்டை டிக் செய்து, பணத்தை அனுப்பிவிட்டு, மீட்டுக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த ஹீட் ஷீட்டில் (ஹீட் என்பது ஓர் ஈவென்ட்டில் ஒரே நேரத்தில் குதிக்கிற ஒரு குழு; யார் எந்த ஹீட், எந்த லேன் என்கிற பட்டியல் இது) பெயரைத் தேடும்போதுதான் 14ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் அடுத்தடுத்து இருப்பது கண்ணில் படும். அந்த நேரத்தில் வருகிற கோபத்தை அமைப்பாளர்மேல் காட்டி என்ன பயன்?

எல்லோருக்கும் பொருந்துகிற வரிசை என்று ஒன்று கிடையாது. பட்டர்ஃப்ளையையும் ஐ.எம்.மையும் தள்ளி வைத்தால் ஐ.எம்.மும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தால் 50 ஃப்ரீஸ்டைலும் 200 ஃப்ரீஸ்டைலும் பக்கத்தில் வந்து நிற்கும். நான் இப்போது ஆறு வருடமாக எங்கள் பக்கத்து மீட் ஒன்றுக்கு ஹீட் ஷீட் போட்டுத் தருகிறேன். ஒவ்வொரு முறையும் யாருக்கோ ஓர் இடத்தில் இடிக்கத்தான் செய்கிறது. ஆர்டரை முதலில் பார்த்து, அதற்கேற்ப ஈவென்ட்டைத் தேர்ந்தெடுத்தால் புகாரில் முக்கால்வாசி பிறக்கவே பிறக்காது.

மீட் அன்று காலையில் மாற்றச் சொல்வது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளில் நஷ்டம் நமக்கு. இதில் நஷ்டம் அங்கே இல்லாத ஒருவருக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். ஆறு லேன் பூல், கையில் பிடிக்கிற வாட்ச், மரப்பலகையில் ஒட்டிய ஹீட் ஷீட். எனக்கு 14ஆவது ஈவென்ட் 100 பட்டர்ஃப்ளை. 16ஆவது 200 ஐ.எம். நடுவில் 15ஆவதாகப் பெண்கள் 100 பட்டர்ஃப்ளை இரண்டே ஹீட். ஆர்டர் மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. நான் அதை முழுதாகத் திறந்து பார்க்கவில்லை. அன்று காலை பலகையில் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னைப் போலவே இரண்டும் கொடுத்திருந்த இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மேசைக்குப் போனேன். “வயசானவங்களைக் கொல்றதுக்கா மீட் நடத்தறீங்க?” என்றுகூடக் கேட்டேன். அப்போது எனக்கு வயது 42.

ரெஃப்ரி நல்ல மனிதர். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். மூன்று பேர் குரல் உயர்த்தினால் காலை நேரத்தில் யாராக இருந்தாலும் இறங்கித்தான் வருவார்கள். “சரிங்க, 200 ஐ.எம்.மைப் பின்னால கொண்டுபோயிடலாம். அந்த இடத்துல 22ஐ முன்னால இழுத்துக்கறோம்” என்றார். 22 என்பது ஆண்கள் 50 பிரெஸ்ட் ஸ்ட்ரோக். மைக்கில் இரண்டு தடவை அறிவித்தார்கள். பலகையில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டார்கள். நான் ஜெயித்த மாதிரி நடந்து வந்தேன்.

பத்தரை மணிக்கு 50 பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முதல் ஹீட். நான் பட்டர்ஃப்ளை முடித்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் லேன் காலி. டைம்கீப்பர் வாட்ச்சைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ரெஃப்ரி விசிலடித்தார், மற்ற ஐந்து பேர் குதித்தார்கள். ஒரு லேன் காலியாகப் போவதெல்லாம் சகஜம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்து ஐம்பதுக்கு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். 22ஐக் கண்டுபிடித்து, பக்கத்தில் போகிற சிவப்பு அம்பைப் பின்தொடர்ந்து விரலை மேலே கொண்டு போனார். திரும்பி என்னிடம்தான் கேட்டார். “ஏனுங்க தம்பி, இது இனிமேத்தானுங்களே?”

அவருக்கு 71 வயது. தாராபுரம் தாண்டி ஒரு கிராமம். விடிகாலையில் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் அமைப்பாளருக்குப் போன் செய்து 22ஆவது ஈவென்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருக்கிறார். பதினொன்றரைக்கு மேல்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி நாற்பது நிமிடம் முன்னாடியே வந்து நிற்கிறார். அவர் கொடுத்திருந்தது அந்த ஓர் ஈவென்ட் மட்டும்தான். வாய்க்காலில் பழகிய தவளை நீச்சலை மீட்டுக்கு ஏற்றபடி சரி பண்ண, தினமும் பொழுதோடு தோட்டத்துக் கிணற்றில் ஆறு மாதமாக நீந்தியிருக்கிறார்.

முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். ஏன் முன்னால் வந்தது என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அமைப்பாளர்களிடம் ஓடிப்போய்க் கெஞ்சினேன். கடைசி ஹீட்டோடு சேர்த்து விடலாமா என்று பார்த்தார்கள். அதுவும் அதற்குள் முடிந்திருந்தது. தனியாக ஒரு ஹீட் விட்டால் மற்ற வயதுப் பிரிவுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. “பரவாயில்லீங்க கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று அவரே என்னைத் தேற்றினார். பந்தலில் உட்கார்ந்து என்னுடைய 200 ஐ.எம்.மைப் பார்த்தார். நான் சுவரைத் தொட்டதும் கை தட்டினார். ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த வருடம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் எந்த மீட்டிலும் அவரை நான் பார்க்கவில்லை.

இன்றைக்கும் யாராவது காலையில் மேசைக்குப் போனால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கல்யாணத்தன்று மண்டபத்தில் நின்றுகொண்டு முகூர்த்தத்தை முன்னால் போடுங்கள் என்று கேட்போமா? பத்திரிகையில் அச்சடித்த நேரத்தை நம்பித்தானே நாலு ஊரிலிருந்து சனம் கிளம்பி வருகிறது. ஈவென்ட் ஆர்டரும் அப்படித்தான். அது நம் வசதிக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை. அதைப் பார்த்து ஒருவர் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டிருப்பார், ஒருவர் ஆஸ்பத்திரி டியூட்டியை மாற்றியிருப்பார், ஓர் அம்மா பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வருவார்.

நேரம் குறிக்கிற பக்கத்திலும் குழப்பம் உண்டு. கை வாட்ச் மீட்டில் ஒரு லேனுக்கு மூன்று டைம்கீப்பர் என்றால் மூன்று நேரமும் எழுத வேண்டும். இரண்டு ஒத்துப்போனால் அதை எடுப்பார்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் இருக்கிற நேரம்தான் முடிவு. அந்தச் சீட்டுகளெல்லாம் ஈவென்ட் எண் வரிசையில் முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் ஒன்றைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் செருகினால் சீட்டு மாறும். அன்று இரண்டு பேருடைய நேரம் வேறு ஈவென்ட்டில் ஏறிவிட்டது. அதைச் சரி செய்யச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். மெடல் கொடுப்பது அத்தனை நேரம் தாமதமானது.

மீட் அன்று ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று கேட்கலாம். “இந்த ஈவென்ட் முடிஞ்சதும் பத்து நிமிசம் இடைவேளை விட முடியுங்களா?” இடைவேளை விட்டால் எல்லாம் சேர்ந்து பின்னால் போகும். வரிசை மாறாது. யாருடைய போட்டியும் அவர் வருவதற்கு முன்னால் நடந்து முடியாது. ஓர் ஈவென்ட்டை முன்னால் இழுக்கச் சொல்லி மட்டும் கேட்கவே கூடாது. அப்படி அமைப்பாளரே முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது நான் போடுகிற ஹீட் ஷீட்டில் ஈவென்ட் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கும். ‘இந்த நேரத்துக்கு முன் தொடங்காது’ என்று தலைப்பு. 22க்கு எதிரே 11.15 என்று போட்டிருந்தால், மீட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் 11.15 வரை அதைத் தொட மாட்டோம். சில நேரம் பூல் சும்மா கிடக்கும். இளவட்டங்கள் சலித்துக்கொள்வார்கள். கிடக்கட்டும்.

“கொஞ்சம் கேப் விடுங்க” என்று பொதுவாகக் கேட்பது

கொஞ்சம் என்றால் எவ்வளவு? நாம் சொல்லாவிட்டால் அமைப்பாளருக்கு எப்படித் தெரியும்?

50 மீட்டர் முழு வேகத்தில் போனால், தசைக்கு உடனடிச் சக்தி கொடுக்கிற கிரியேட்டின் பாஸ்பேட் நாலைந்து நிமிடத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால் 50க்குப் பிறகு பத்து நிமிடம் கிடைத்தால் சமாளிக்கலாம். 100, 200 அப்படியில்லை. முழு வேகத்தில் நீந்தும்போது தசையில் உண்டாகி ரத்தத்தில் ஏறுகிற லாக்டேட் இறங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். சும்மா உட்கார்ந்தால் மெதுவாக இறங்கும், நிதானமாக நீந்தினால் சீக்கிரம் இறங்கும். எங்கள் பக்கத்தில் வார்ம்-டவுனுக்குத் தனிப் பூல் இருக்கிற இடம் அபூர்வம். இல்லாவிட்டால் வெளியே நடக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஹீட் கணக்கு. ஒரு ஈவென்ட்டில் எத்தனை பேர், எத்தனை லேன் என்று பார்த்து வகுத்தால் ஹீட் எண்ணிக்கை வரும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் அதில் கடைசியாக வருகிறவரின் நேரத்தோடு, ஆள் மாற ஒரு நிமிடம் கூட்டுங்கள். என்னுடைய பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெண்கள் 100 பட்டர்ஃப்ளைக்கு எட்டுப் பேர், ஆறு லேன், ஆக இரண்டு ஹீட். கடைசி ஆள் இரண்டரை நிமிடம், கூட ஒரு நிமிடம், மொத்தம் ஏழு நிமிடம். இதில் கால் ரூமுக்கு (போட்டிக்கு முன் பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்துகிற இடம்) பத்து நிமிடம் முன்பே வரச் சொல்வார்கள். அப்படியென்றால் ஓய்வே இல்லை. இந்தக் கணக்கை மூன்று வாரம் முன்பே போட்டிருந்தால் எனக்கு உண்மையான ஒரு புகார் இருந்தது. காலையில் கத்தியதால் அந்த நியாயமும் போய்விட்டது.

இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம்ங்க. 14க்கும் 16க்கும் நடுவில் 15 மட்டும்தான் இருக்கிறது. போன வருட எண்ணிக்கைப்படி ஏழு நிமிடம்தான் வரும். 100 பட்டர்ஃப்ளை கொடுப்பவர்களில் நிறையப் பேர் 200 ஐ.எம்.மும் கொடுப்பார்கள். 17, 18ஐ (50 பேக்ஸ்ட்ரோக்) 16க்கு முன்னால் வைத்தால் அரை மணி கிடைக்கும். என்ட்ரி முடிவதற்குள் பார்த்துச் சொல்ல முடியுங்களா?”

எந்த எண், எத்தனை நிமிடம், யாருக்கெல்லாம் இடிக்கிறது, பதிலாக எதை வைக்கலாம். நாலும் இருக்கிறது. எனக்கு இப்படி வந்த செய்திகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். என்ட்ரி முடிவதற்கு முன்னால் வரிசையை மாற்றினால் யாருடைய பஸ்ஸும் போகாது. புது ஆர்டர்தான் எல்லோருக்கும் ஆர்டர்.

ஒலிம்பிக்கிலேயே இப்படித்தான் நடக்கிறது. பாரிஸ் 2024இல் பிரான்ஸின் லியோன் மார்ஷான் 200 பட்டர்ஃப்ளையும் 200 பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் கொடுத்தார். இரண்டு ஃபைனலும் ஒரே இரவு, ஜூலை 31. முதலில் போட்டிருந்த அட்டவணையில் இடைவெளி ரொம்பக் குறைவு. அவர் தரப்பிலிருந்து போட்டிக்கு வெகு முன்னாலேயே கோரிக்கை போனது. அட்டவணை மாறியது. ஏறத்தாழ இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டிலும் தங்கம், இரண்டிலும் ஒலிம்பிக் சாதனை. அன்று மாலை பூல் ஓரத்தில் நின்று யாரும் மைக் பிடித்தவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை.

மாற்ற முடியாது என்று பதில் வந்தாலும் ஒரு வழி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கிக்கு 200 ஃப்ரீஸ்டைல் ஃபைனலும் 1500 ஃபைனலும் ஒரே காலையில் வந்தன. நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பெண்களுக்கு 1500 ஒலிம்பிக்கில் வந்ததே அதுதான் முதல் தடவை. 200இல் ஐந்தாவதாக வந்தவர் 1500இல் தங்கம் வாங்கினார். நமக்கு அவ்வளவு உடம்பு கிடையாது, ஆனால் பழக்கிக்கொள்ளலாம். மீட்டுக்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரத்தில் ஒரு நாள், 100 பட்டர்ஃப்ளை முழு வேகத்தில் போய், எட்டு நிமிடம் நடந்து, 200 ஐ.எம். நீந்திப் பாருங்கள். முடியவில்லை என்று தெரிந்தால் ஒன்றை விட்டுவிடலாம். விடுவதற்கும் அப்போது நேரம் இருக்கும்.

“என்னைப் போய்ப் பெரியவரோட ஒரே ஹீட்ல போட்டிருக்கீங்க”

மாஸ்டர்ஸ் மீட்டில் ஹீட் என்பது மீட்டை ஓட்டுவதற்காக, மெடல் என்பது வயதுப் பிரிவுக்காக. யாரும் தனியாக நீந்தக் கூடாது, லேன் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக வயதுப் பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. ஆண் பெண் சேர்த்து விடவும் இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்களுக்குத் தனி ஹீட் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். அது கேட்க வேண்டிய கோரிக்கை, கூச்சப்படாமல் என்ட்ரியோடு சேர்த்தே கேளுங்கள், அம்மணி.

பக்கத்து லேனில் 68 வயதுக்காரர் நீந்துகிறார் என்றால் அவருடைய என்ட்ரி டைமும் (ஃபார்மில் எழுதிக் கொடுக்கிற நேரம்) உங்களுடையதும் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒன்று என்று அர்த்தம். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

என்ட்ரி டைமைத் தோராயமாகப் போடுவது

நாற்பது நொடியில் நீந்துகிறவர் முப்பது என்று எழுதினால் வேகமான ஹீட்டில் மாட்டிக்கொள்வார், பின்னால் வருகிற கணக்கும் கோணலாகும். தெரியாவிட்டால் பயிற்சியில் ஒரு தடவை வாட்ச் வைத்து நீந்திவிட்டு எழுதுங்கள்.

மீட் ஜவ்வாக இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே அதை இழுப்பது

120 பேர், ஆளுக்கு மூன்று ஈவென்ட், ஆறு லேன். முழுதாக நிரம்பினால் 60 ஹீட். ஆனால் எல்லா ஹீட்டும் நிரம்பாது, 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் 45 நொடி வீணானால் மொத்தம் 56 நிமிடம். அந்த 45 நொடி எங்கே போகிறது? நீண்ட விசில் அடித்த பிறகு தொப்பியைச் சரி செய்கிறவர், முடித்ததும் லேன் கயிற்றில் சாய்ந்து அரட்டை அடிக்கிறவர், வீடியோ எடுக்க மகனைக் கூப்பிடுகிறவர். வரப்போவதில்லை என்று முதல் நாளே தெரிந்தும் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் எல்லோரையும்விட மோசம். ஆறு பேர் வராத ஈவென்ட்டில் ஒரு முழு ஹீட்டையே குறைத்திருக்கலாம்.

பூலை மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளின் கோச்சிங்குக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் முடிக்கத்தான் அடுத்தடுத்து நெருக்கி வைக்கிறார்கள். நமக்குக் கிடைக்காமல் போகிற இடைவெளி பெரும்பாலும் அந்த 56 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

டைம்கீப்பரிடம் சண்டைக்குப் போவது

அவர் கையில் வாட்ச் மட்டும்தான் இருக்கிறது.

மெடலைக் கழற்றி மேசையில் வைப்பது

செய்யாதீர்கள். என்றைக்கும்.

தேதியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது

வரிசைக்காகச் சண்டை போடுகிற நாம் தேதிக்காக ஒரு வார்த்தை சொல்வதில்லை. தைப்பூசத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மீட் வைத்தால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். நடந்து திரும்பியவர்கள் காலில் கொப்புளத்தோடு வருவார்கள். வைகாசியில் பெரிய முகூர்த்தம் ஞாயிறில் விழுந்தால் ரிலேக்கு நாலு பேர் சேர மாட்டார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு ஷிப்மென்ட் நெருக்கடி இருக்கும். தேதி முடிவாகும் முன் அமைப்பாளர்கள் விசாரிக்கிற நேரம் ஒன்று இருக்கும், அப்போது காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். அதைப் போய் யாரும் குறை சொல்வதாக நினைக்க மாட்டார்கள்.

உடனே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது

இத்தனையும் படித்துவிட்டு, மீட் அன்று வாயே திறக்கக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு முன்கூட்டிய கடிதமெல்லாம் தேவையில்லை. சித்திரை வெயிலில், கூரையில்லாத பூலில், 800 மீட்டர் உச்சிப்பொழுதுக்கு வந்துவிட்டது என்றால் போய்ச் சொல்லுங்கள். பூல் ஓரத்துச் சிமென்டில் கால் வைக்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள். லைஃப்கார்டு சாப்பிடப் போய்விட்டார், ஆனால் ஹீட் ஓடுகிறது என்றால் அப்போதே, சத்தமாகவே சொல்லுங்கள். இங்கேயும் முன்னால் இழுக்கச் சொல்லாதீர்கள், நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மீட்டில் சாயங்காலம் நாலரைக்கு ரிலே போய்க்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ஓர் இடி. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம், திரும்பவும் ரிலேயைப் பார்த்தோம். இன்னும் இரண்டு ஹீட்தானே, முடித்துவிடலாம் என்கிற நினைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா, அவரே அந்த ரிலேயில் மூன்றாவது ஆளாக ஸ்டார்டிங் பிளாக்குக்குப் பின்னால் நின்றவர், நேராக ரெஃப்ரியிடம் போய், “இடி கேக்குதுங்க. எல்லாத்தையும் மேல ஏறச் சொல்லுங்க” என்றார். ரெஃப்ரி அண்ணாந்து பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். நடுப் பூலில் நீந்திக்கொண்டிருந்தவர்களைக் கயிற்றைப் பிடிக்க வைத்து, கை கொடுத்து மேலே தூக்கினோம். எல்லோரும் உடை மாற்றுகிற அறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். மூன்றே நிமிடத்தில் மழை ஊற்றியது.

கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் ரிலேயை மறுபடி முதல் ஆளிலிருந்து விட்டார்கள். அதற்குள் லைட் போட்டாகிவிட்டது. அந்த அக்காவின் அணி கடைசியாக வந்தது. சுவரைத் தொட்ட அவருக்கு டைம்கீப்பர்கள் வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கை தட்டினார்கள்.